ஏரியை எடுத்துக்கொண்டு போன டீச்சர்

நல்லேரி, ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போனால் முந்திரித் தோப்புகளைத் தாண்டி வரும் சின்ன ஊர். அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு பேர்தான் ஆசிரியர்கள். தலைமையாசிரியர் இளையபெருமாள் சார் ஒருவர், வெற்றிச்செல்வி டீச்சர் இன்னொருவர்.

வெற்றிச்செல்வியின் வகுப்பில் பிள்ளைகள் கையில் எப்போதும் மண்ணோ பசையோ ஒட்டியிருக்கும். பின்னம் நடத்த வேண்டுமென்றால் தோசையைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். நிழல் பாடத்துக்கு நாள் முழுக்கப் பிள்ளைகளோடு வெயிலில் நிற்பாள். வேறு பள்ளிகளில் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்காருகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. "கையால செய்யாதது மண்டையில நிக்காது சார்" என்று இளையபெருமாள் சாரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இவ்வளவு சொல்கிறவள் தன் மகள் கயல்விழியைச் சேர்த்திருந்தது ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில். கேட்கிறவர்களிடம், "அவங்க அப்பாவுக்கு அதுதான் வசதி, போற வழியில வுட்டுட்டுப் போயிடுவாரு" என்பாள். கணவன் அண்ணாதுரைக்கு மின்வாரியத்தில் வேலை. சொன்ன காரணம் பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஊர் ஏரியைச் செய்து பார்க்கச் சொன்னாள். உடைந்த பெஞ்சின் பலகை ஒன்று கிடைத்தது. ஏரியிலிருந்தே களிமண் வெட்டி வந்து, சாணமும் வைக்கோல் துணுக்கும் சேர்த்துப் பிசைந்து கரை கட்டினார்கள். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். பிரசாத் வீட்டு மாட்டுக்கு ஊசி போட வந்தவர் விட்டுப்போன ஊசிக்குழாய்தான் மதகு. அதன் தண்டை மேலே இழுத்தால் தண்ணீர் வெளியே வரும், வந்து சலைன் குழாயைப் பிளந்து செய்த வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாயும். வயலில் கேழ்வரகைத் தூவி முளைக்க விட்டிருந்தார்கள். அது பச்சைப் பசேலென்று வந்து நாற்றங்கால் போலவே இருந்தது. தீப்பெட்டியில் வீடுகள். செங்கல் துண்டை உரசி உரசிச் செய்த ஐயனார் கோயில். அந்தக் கோயில் வாசலில் ஆர்த்தி தன்னுடைய உடைந்த வளையலிலிருந்து ஊதாத் துண்டுகளைப் பதித்துக் கோலம் போட்டிருந்தாள்.

வகுப்பில் அதிகம் பேசாத பெண் ஆர்த்தி. அப்பா வைரக்கண்ணு சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அம்மா ராசாத்தி முந்திரிக் கொல்லை வேலைக்குப் போகிறவள். ஏரிக்கரை எங்கே வளைகிறது, எந்த இடத்தில் புளியமரம் நிற்கிறது என்று மற்றவர்கள் சண்டை போட்டால் ஆர்த்தி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வாள்.

பலகையின் முன்பக்க விளிம்பில் எல்லோரும் வண்ணப் பேனாவால் தங்கள் பெயரை எழுதினார்கள். ஆண்டு விழாவில் இதை மேடையில் முன்னால் வைப்பது என்று முடிவானது.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதகுப் பக்கம் கசிவு தெரிந்தது. "வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி எம்சீல் வச்சு அடைச்சு எடுத்தாரேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லி, ஆட்டோ பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு போனாள். அந்த நேரத்தில் அவள் மனதில் வேறெதுவும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் கயல்விழி கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வாங்கி வைத்திருந்த தெர்மகோலில் எரிமலை செய்வதாகத் திட்டம். ஒரு வாரமாக, "நாளைக்குப் பண்ணலாம் பாப்பா" என்று வெற்றிச்செல்வி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகளோடு மண் பிசைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் கை ஓய்ந்துபோகும். அன்று கயல் தானே செய்ய முயன்று, பெயிண்ட் பட்டுத் தெர்மகோல் கரைந்து குழியாகியிருந்தது.

"மிஸ் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் நிக்க வப்பாங்கம்மா."

அண்ணாதுரை ஏரியைக் குனிந்து பார்த்தான். தண்டை இழுத்து விட்டுப் பார்த்தான். "ஏன் செல்வி, இதையே நாளைக்குக் குடுத்து வுடேன். திங்கக்கிழமை நீ ஒன் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிடப் போற. யாருக்குத் தெரியப் போவுது?"

"சும்மா இருங்க. புள்ளைங்க செஞ்சது அது."

"நீ சொல்லிக் குடுத்துத்தான செஞ்சாங்க?"

அந்த வார்த்தை அவளுக்கு வசதியாக இருந்தது. கசிவை அடைத்தாள். பெயர்கள் இருந்த விளிம்பின் மேல் சார்ட் பேப்பர் ஒன்றை வெட்டி ஒட்டி, அதில் கயல்விழியின் பெயரையும் வகுப்பையும் அழகான எழுத்தில் எழுதினாள். ஒட்டும்போது ஓரத்தில் ஆர்த்தி பெயரின் கடைசி எழுத்து வெளியே தெரிந்தது. பேப்பரைச் சற்று நகர்த்தி அதையும் மறைத்தாள்.

"யாராச்சும் கேட்டா நானே செஞ்சேன்னு சொல்லணும், சரியா?"

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஏரிக்கு முதல் பரிசு கிடைத்தது. கயல் கையில் கேடயத்தோடு வந்தாள், ஏரி வரவில்லை. அட்மிஷன் முடிகிற வரைக்கும் வாசல் ஹாலில் காட்சிக்கு இருக்கட்டும் என்று பள்ளியில் வைத்துக்கொண்டார்களாம். அது வேண்டும் என்று போய்க் கேட்க வெற்றிச்செல்விக்கு ஒரு காரணம் கூடக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

"ஏரி எங்க டீச்சர்?"

"ஆட்டோல போகும்போது வழுக்கி வுழுந்து ஒடைஞ்சிடுச்சுப்பா."

யாரும் கோபப்படவில்லை. பிரசாத்தான் முதலில் பேசினான். "ஒங்களுக்கு அடி படலையே டீச்சர்?" அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அப்ப வுடுங்க, வேற செஞ்சிக்கலாம்." மதியம் சாப்பிட்ட கையோடு களிமண் வெட்டப் போய்விட்டார்கள். அவள் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, திருத்த வேண்டிய நோட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றையும் திருத்தவில்லை.

ஆண்டு விழாவுக்கு நாள் போதவில்லை. இரண்டாவது ஏரியின் கரை காயாமல் ஈரமாகவே இருந்தது. கேழ்வரகு அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைவிட்டிருந்தது. பெற்றோர்கள் சுற்றி நிற்க, பிரசாத் தண்ணீரை ஊற்றினான். கரை சரிந்து சேறு மேடையில் வழிந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். "ஏரி ஒடைஞ்சிடுச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். ஆர்த்தி பழைய துணியை எடுத்து வந்து குத்துக்காலிட்டு மேடையைத் துடைத்தாள். டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்து நடனம் என்று அறிவித்தாள்.

அடுத்து மாணவர் சேர்க்கை வேலை வந்தது. பிள்ளைகள் கையில் பதாகையோடு முன்னால் போக, இளையபெருமாள் சாரும் அவளும் வீடு வீடாகப் போனார்கள். ஆர்த்தியின் தம்பிக்கு ஒன்றாம் வகுப்பு சேரும் வயது. ராசாத்தி வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சார் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார். இலவசப் புத்தகம், காலையிலும் மதியமும் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேல் செயல்வழியாகச் சொல்லித் தரும் நல்ல டீச்சர்.

ராசாத்தி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு உள்ளே போய் போனை எடுத்து வந்து டீச்சர் பக்கம் நீட்டினாள்.

"ஆர்த்தி அப்பா பஸ் ஸ்டாண்டுல படம் புடிச்சு அனுப்புனாரு டீச்சர். இது ஒங்க பாப்பாதானுங்களே?"

ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வைத்திருந்த பெரிய பிளக்ஸ் பேனர் அது. 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று சிவப்பு எழுத்து. கீழே, கேடயத்தோடு கயல்விழி. அவளுக்கு முன்னால் ஏரி. படத்தில் வயல் அவ்வளவு பச்சையாக இருந்தது. கோயில் வாசலில் ஊதா வளையல் துண்டுகள் கூடத் தெரிந்தன.

வெற்றிச்செல்வி போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் அந்தப் பேனரைப் பார்த்திருக்கவில்லை. பஸ் அந்தப் பக்கமாகத்தான் திரும்பும். ஆனால் அவள் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஒங்க புள்ளைய நீங்க எங்க வேணா படிக்க வைங்க. அத நான் கேக்கல," என்றாள் ராசாத்தி. குரலை உயர்த்தவில்லை. "வளவி ஒடைஞ்சத அள்ளிக்கிட்டு இவ ஸ்கூலுக்கு ஓடுனா. எதுக்குடின்னு கேட்டேன், கோயிலுக்குன்னா. அதான் கேக்கறேன்."

பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆர்த்தி சட்டென்று சொன்னாள். "அது எங்களுது இல்லம்மா. எங்களுது ஒடைஞ்சி போச்சு. டீச்சர் பாப்பாவும் அதே மாரி செஞ்சிருக்கு. டீச்சர்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஆர்த்தி மட்டும் பார்க்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். "ஆமாங்க..." என்று மட்டும் வந்தது. எதற்கு ஆமாம் என்று அவளுக்கே தெரியவில்லை. இளையபெருமாள் சார் ஒரு கனைப்புக் கனைத்து, "சரிம்மா, யோசிச்சு சொல்லுங்க" என்று நடையைக் கட்டினார். மற்ற வீடுகளில் அவர்தான் பேசினார். பள்ளிக்குத் திரும்பியதும் சாவியை எடுத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் டீச்சர்" என்றார். கேட்டிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

அன்று வீட்டில் கேடயம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திருப்பி வைத்தாள். பிறகு அலமாரிக்குள் வைத்தாள். கயல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்து ஐந்தாம் வகுப்பு உட்கார்ந்ததும், வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் வெற்றிச்செல்வி சொன்னாள். "நீங்க செஞ்ச ஏரி ஒடையல. நான் பொய் சொன்னேன். ஒங்க பேரு மேல பேப்பர ஒட்டி, எம் பொண்ணு செஞ்சதா அவ ஸ்கூல் கண்காட்சிக்குக் குடுத்தனுப்பிட்டேன். அதுக்கு பஸ்ட் ப்ரைஸும் குடுத்துட்டாங்க. செஞ்சது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு."

பிரசாத் எழுந்து நின்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப அது ஒடையவே இல்லையா டீச்சர்?"

"இல்லப்பா."

"அதுக்குத்தான் பஸ்ட் ப்ரைஸா? டவுன் ஸ்கூல்லயா?"

வகுப்பு மொத்தமும் கைதட்டியது. பெஞ்சைத் தட்டினார்கள். நம்ம ஏரி ஜெயிச்சிடுச்சு என்று பின்னால் இருந்தவர்கள் குதித்தார்கள். திட்டு வாங்குவோம் என்று நினைத்து வந்தவளுக்கு இது தாங்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை எழுதினாள். எழுதியதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள்.

இடைவேளையில் ஆர்த்தி மட்டும் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அருகே போனாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா ஆர்த்தி?"

"ம். அப்பா போட்டோ அனுப்புன அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் அம்மாகிட்ட அப்புடி சொன்ன?"

ஆர்த்தி டெஸ்க்கைச் சுரண்டினாள். "எங்கம்மா சண்ட போட்டா ஊரே பாக்கும். நீங்க அழுதுடுவீங்கன்னு சொன்னேன். அம்மாகிட்ட நான் பொய்யே சொன்னதில்ல டீச்சர்."

பிள்ளைகளுக்குக் கையால் எதையாவது சொல்லித் தருகிறோம் என்று இத்தனை வருஷமாகப் பெருமைப்பட்டிருந்தாள் வெற்றிச்செல்வி. இந்தப் பிள்ளைக்குத் தான் சொல்லித் தந்தது இதுதானா என்று நினைத்தபோது அவளால் அங்கே நிற்க முடியவில்லை. அந்தச் சின்னக் கையைப் பிடிக்கக் கை நீண்டது, ஆனால் பிடிக்கக் கூச்சமாக இருந்தது.

பள்ளி விட்டதும் ராசாத்தியைத் தேடிப் போய்ச் சொன்னாள். ராசாத்தி திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. "தெரியுங்க டீச்சர்," என்றாள். "புள்ளைய வச்சுக்கிட்டு ஒங்கள அசிங்கப்படுத்தக் கூடாதுன்னுதான் அதோட வுட்டேன்." ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் வந்தால் அந்த ஊரில் கேட்காமல் விட்டதே இல்லை.

வெற்றிச்செல்வி கயலின் பள்ளிக்கும் போய் உண்மையைச் சொன்னாள். அலுவலக அறையில் இருந்தவர் கேடயத்தை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, "நீங்களும் ஒரு டீச்சர்தான மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஏரியைத் திருப்பித் தந்துவிட்டார்கள், அதை வகுப்பில் பிள்ளைகளிடம் சேர்த்தாள். பேனரை மட்டும் கழற்றவில்லை. எல்லா இடத்திலும் வைத்தாகிவிட்டது, சேர்க்கை முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்றார்கள். மறுநாள் கயலின் வகுப்பில் பரிசு வேறொரு பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. சாயங்காலம் வந்த கயல் சீருடையைக் கூட மாற்றாமல் சொன்னாள், "நீதானம்மா நானே செஞ்சேன்னு சொல்லச் சொன்ன. என்னைய ஏன் எல்லாரும் அப்புடிப் பாக்கறாங்க?" அவளுக்குப் பதில் சொல்ல அண்ணாதுரை வாயெடுத்தான். வெற்றிச்செல்வி வேண்டாமென்று கை காட்டினாள். "தப்பு என்மேல பாப்பா. ஒம் மேல ஒண்ணுமில்ல," என்றாள். கயல் அதை நம்பியதாகத் தெரியவில்லை. கொஞ்ச நாள் அவள் அப்பாவிடம்தான் வீட்டுப் பாடம் காட்டினாள்.

மே மாதத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்க ராசாத்தி ஆர்த்தியோடு வந்தாள். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. சின்னவனையும் அதே ஊரில் உள்ள தொடக்கப் பள்ளியில் போடப் போவதாகவும், அக்காவோடு சேர்ந்து போய் வருவான் என்றும் சாரிடம் சொன்னாள். காரணம் சரியான காரணம்தான். சார் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெற்றிச்செல்வி சான்றிதழில் முத்திரை குத்தி, மை காய ஊதி, ஆர்த்தியிடம் நீட்டினாள். "நல்லாப் படிக்கணும்மா," என்றாள்.

"சரிங்க டீச்சர்," என்றாள் ஆர்த்தி. இத்தனை நாளில் அவள் ஒருமுறையும் 'சரிங்க' என்று சொன்னதில்லை. 'சரி டீச்சர்' என்றுதான் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் பின்னால் வெயிலில் இறங்கி நடந்தவள் கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிச்செல்வியும் கூப்பிடவில்லை. முத்திரை மையின் மூடியைத் தேடி எடுத்து மூடிவிட்டு, அடுத்து நின்றவரை உள்ளே வரச் சொன்னாள்.