சேற்றுக் கோட்டுக்கு மேலே மட்டும் சாயம்

"மானா லும்போர்?" என்று நகர மன்ற அதிகாரி மலாயில் கேட்டார். சேறு எங்கே என்று அர்த்தம். ஈப்போவை அடுத்த செமோர் பக்கம், எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில், குடியிருப்பவர்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றிருந்தோம். சேறு என் சாயத்துக்கு அடியில் இருந்தது.

நான் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறவன். இப்போது ஓய்வு என்று சொல்லிக்கொள்கிறேன். ஏணியைக் கண்டால் முழங்கால் முறைக்கிறது, அவ்வளவுதான். தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எந்த பிராண்ட் நல்லது, ரோலரா பிரஷ்ஷா என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் இதைச் சொல்கிறேன்.

1. வெள்ளைச் சுவர்

எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் குன்று முன்பு ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறியபோது எங்களில் பாதிப்பேர் அங்கிருந்து இறங்கிவந்து இந்த மலிவுவிலை வீடுகளை வாங்கினோம். பிறகு ஒரு வீடமைப்பு நிறுவனம் வந்து குன்றின் ஒரு பக்கத்தை மொட்டையடித்துச் சமன் செய்தது. அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின மழையில் செம்மண் தண்ணீர் நேராக எங்கள் வீடுகளுக்குள் வந்தது. அதுவரை வெள்ளம் என்பது நாங்கள் டிவியில் பார்ப்பது.

நகர மன்றத்தில் புகார் கொடுத்தோம். தீபாவளி கழித்து வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்காமல் நம் ஆட்களால் இருக்க முடியுமா? கழுவினார்கள், தேய்த்தார்கள், கொத்தோங் ரோயோங் போட்டு, எல்லாரும் கைகோத்துக் கால்வாயைக்கூடத் தூர்வாரினார்கள். எனக்கும் அதுதான் சீசன். கறை தெரியாமல் இருக்க சீலர் ஒரு கோட், மேலே வெள்ளை இரண்டு கோட். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், அதுவும் எங்களுக்கு எதிராகவே.

சேறு எங்கே என்று கேட்ட அதிகாரியிடம் கைப்பேசியில் இருந்த படங்களை நீட்டினோம். நிறுவனத்தின் சார்பில் வந்த ஆள் நம் தமிழர்தான். சிரித்தார்.

"இது எந்தத் தாமானோ. கால்வாய்ல குப்பையப் போட்டா தண்ணி ஏறத்தான் செய்யும் லா."

எனக்குக் கை துறுதுறுத்தது. அதிகாரி நல்ல மனிதர். பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. நான் அடிக்க மாட்டேன்

அடுத்த வருடம் குன்றில் அறிவிப்புப் பலகை முளைத்தது. இரண்டாம் கட்ட வீடுகள் வரப்போகின்றன, மிச்சமிருக்கும் மரங்களும் போகும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். சொன்னோம். இதற்கிடையில் மழையும் வந்தது, சேறும் வந்தது, போன தடவையைவிட ஒரு சாண் உயரமாக. அதிகாரி பார்க்க வரும் நாள் இந்த முறையும் தீபாவளிக்குப் பிறகுதான்.

தாமான் மண்டபத்தில் கூடினோம். நான் எழுந்து சொன்னேன்: "இந்தத் தீபாவளிக்கு யாரும் செவுத்துக்குச் சாயம் அடிக்காதீங்க. கூப்டாலும் நான் வரமாட்டேன்."

"பெயிண்டர் அண்ணே, வீட்ல அண்ணிகிட்ட கேட்டுட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேட்கவில்லை. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முனகிக்கொண்டே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், சரசுவைத் தவிர. சரசு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள். வரிசையின் கடைசியில் பள்ளத்தில் இருக்கும் வீடு அவளுடையது. சேற்றுக் கோடு அங்கேதான் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது.

"தீபாவளிக்கு மறுநாளு லூமுட்லேருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாராங்க அண்ணே. இந்தச் செவுத்தக் காட்டியா நான் சம்பந்தம் பேசுறது?"

"உன் செவுரு இல்லேன்னா நம்ம பேச்சு எடுபடாது, சரசு."

"நீங்க வராட்டி ஈப்போவுல வேற ஆளா இல்ல?"

"இருக்கான். கூப்டுக்கோ."

கோபத்தில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு? பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாதா?

3. லூமுட் சம்பந்தி

தீபாவளிக்கு முதல்நாள் காலையில் சரசு வீட்டு வாசலில் சாய வாளியைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். கிட்டே போனால் தாயும் மகளும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு நிற்கிறார்கள். சேற்றுக் கோட்டை ஒட்டி டேப், அதுவும் கோணலாக. மேலே மஞ்சள் சாயம். கீழே சேறு அப்படியே இருந்தது.

"இவதான் சொன்னா," என்று சரசு மகளைக் காட்டினாள். "இப்ப மறைச்சிட்டு, நான் கட்டிக்கிட்டுப் போனப்புறம் நீ தனியா சேறு அள்ளுவியான்னு கேக்குறா."

அடிக்க மாட்டேன் என்று சபதம் போட்டவன், கோட்டுக்குக் கீழே மட்டும்தான் அந்தச் சபதம் என்று அதைத் திருத்திக்கொண்டு, மேல்பாகத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா படகு வைத்து மீன் பிடிக்கிறவர். முறுக்கைக் கடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரசு காப்பித் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"நாங்க கடலோரத்துல இருக்கோம். தண்ணி எங்க வாசப்படி தாண்டுனது இல்ல," என்றார். "இங்க கடலே இல்ல. இம்புட்டு உசரமா?"

சரசு குன்றைக் காட்டி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"அப்ப கல்யாணத்த அடுத்த மழைக்கு முன்ன வச்சிக்கலாம்," என்றார்.

4. விரலில் சிவப்பு

அதே அதிகாரி வந்தார். இந்த முறை எதுவும் கேட்காமல் முதல் வீட்டிலிருந்து நடந்தார். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் செம்மண் கோடு. பள்ளம் இறங்க இறங்க அது ஏறிக்கொண்டே வந்தது. சரசு வீட்டு முன்னால் நின்று நகத்தால் சுரண்டினார். நிறுவனத்தின் ஆள் குப்பைக் கதையை ஆரம்பித்தார். அதிகாரி கால்வாயில் கிடந்த கறுப்புச் சேற்றைக் காட்டினார். பிறகு தன் விரலில் இருந்த சிவப்பைக் காட்டி, மொட்டையாகச் சிவந்து கிடந்த குன்றைத் திரும்பிப் பார்த்தார்.

திட்டம் ரத்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வெட்டிய சரிவை மூடி, அடிவாரத்தில் சேறு தங்க ஒரு குளம் வெட்டிக் காட்டும்வரை இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி இல்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குளம் இன்னும் வெட்டவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சுவரில் கறையைப் பார்த்ததும் சீலர் டின்னைத் திறக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், ஒரு சீசன் வருமானம்கூடப் போகும். போகட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் சரசு கூப்பிட்டாள். இனி கீழேயும் அடித்துவிடலாம் என்று மஞ்சள் வாளியோடு போனேன். அவள் தடுத்தாள்.

"கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாங்க, சாய்வாங்க, தேச்சிடுவாங்க. இந்தச் சேத்துக் கறை அழியாம இருக்க ஏதாச்சும் இருக்கா அண்ணே?"

கதவுக்கு அடிக்கிற நிறமில்லாத வார்னிஷ் லோரியில் கொஞ்சம் இருந்தது. கறையை மறைத்தே பிழைத்தவன், அந்தச் சேற்றின்மேல் இரண்டு கோட் நிதானமாக அடித்தேன். அடுத்த தடவை யார் வந்தாலும், சேறு எங்கே என்று கேட்க வேண்டியிருக்காது.