அளவெடுத்து அடித்த அண்ணி

ஊர் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது, அண்ணன் தன் வீடியோ கேம் பெட்டியை நண்பனிடம் தள்ளிவிட அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டில் வரும் ஒரு பூதத்திடம் செத்துச் செத்து வெறுத்துப்போயிருந்தான்.

"இதை மனுஷன் ஜெயிக்க முடியாது. உலகமே சொல்லுது."

தையல்கடை வைத்திருக்கும் அண்ணிக்கு வீட்டிலிருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். "ஞாயிறு வரைக்கும் விடுங்க. நான் ஜெயிக்கலேன்னா தாராளமா கொடுங்க" என்றார்.

கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்தவர் வாளை ஓங்கவே இல்லை. பூதத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அடி வாங்கிச் செத்தார். மறுபடியும் செத்தார்.

"ஐயோ அண்ணி, திருப்பி அடிங்க!"

"இரும்மா. அளவெடுக்காம துணியில கத்திரி வைப்பாங்களா?"

ஞாயிறு மதியம் பூதம் கையைத் தூக்கியது. அண்ணி அக்குளுக்கடியில் புகுந்து வெட்டினார், விலகினார், மீண்டும் வெட்டினார். பூதம் சாய்ந்தது. நாங்கள் கட்டிலில் ஏறிக் குதித்தோம்.

"அப்போ கஷ்டம்னு சொன்னதெல்லாம் சும்மாவா, அண்ணி?"

"கஷ்டம்தான். ஆனா வஞ்சனை இல்ல. எப்பவும் ஒரே மாதிரிதான் அடிக்குது. என் கடைக்கு வர்றவங்கதான் அளவு நாடாவைப் பார்த்ததும் வயித்தை உள்ள இழுத்துக்கிறாங்க."

அண்ணன் தன் தொப்பையைத் தடவியபடி, அட்டைப்பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"எனக்கும் சொல்லிக்கொடேன்."

"முதல்ல உட்கார்ந்து பொறுமையா அடி வாங்குங்க."