காத்தோட்டிக்காயும் பன்னிரண்டு அடி முதலையும்

மொன்றியலில் மைனஸ் இருபத்தைந்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிடம் எந்தக் கதையையும் சொல்லலாம். மட்டக்களப்பு வாவியை நான் நீந்திக் கடந்தபோது முதலை துரத்திய கதையை அப்படித்தான் அவிழ்த்துவிட்டேன். கோட்-டெ-நெய்ஜ் பஸ் தரிப்பில் தொடங்கும்போது முதலை நாலடி. லாசாலில் ஒரு பிறந்தநாள் விழாவில் எட்டடியாக வளர்ந்தது. பிறகு பன்னிரண்டு. திருகோணமலைக்காரியான என் மனைவி ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. கதை முடிகிற இடத்தில், பொரித்த ரோல்ஸ் பலகாரத் தட்டை எல்லோருக்கும் நீட்டுவாள்.

உண்மையில் எனக்கு நீந்தவே தெரியாது. நீந்திக் கடந்தவர் அப்பா. அவர் ஊரில் இருந்தார், நான் கனடாவில் இருந்தேன், கதையை எடுத்துக்கொண்டேன். அவர் செத்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரு ஜூலையில், ஆஸ்திரேலியாவின் வடக்கு நுனியில் டார்வினில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். மொன்றியலில் வெயில் எறிக்கும் இரண்டே மாதங்களையும் விட்டுவிட்டு வெயில் காயப் போன புத்திசாலிகள் நாங்கள். தங்கச்சி எங்களை ஒருநாள் சுற்றுலாவுக்குப் பதிந்திருந்தாள். காலையில் சதுப்பு நிலத்தில் படகு, மத்தியானத்துக்குப் பிறகு நீர்வீழ்ச்சி. பஸ் வாசலில் மனைவியின் கையில் ஒரு சோற்றுப் பார்சலைத் திணித்தாள்.

"அண்ணா, இண்டைக்கு ஆடி அமாவாசை. அருவியில தீர்த்தமாடிப்போட்டுத்தான் சாப்பிடணும். காத்தோட்டிக்காயும் பொரிச்சு வச்சிருக்கன்."

அப்பா இல்லாத ஆண்பிள்ளைகள் அன்று விரதமிருந்து நீர்நிலையில் முழுக வேண்டும். பிறகுதான் கசப்பான காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு சோறு. மொன்றியலில் நான் ஷவரைத் திறந்து தலையைக் காட்டிவிட்டு அதைத் தீர்த்தம் என்பேன். அமாவாசை சுற்றுலாவுக்குள் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

சதுப்பு நிலத்தில் அல்லிப் பூக்களுக்கு நடுவே படகு போனது. வழிகாட்டி, தொப்பி போட்ட நெடிய மனிதன், ஒரு தடியில் இறைச்சித் துண்டைக் கட்டித் தண்ணீருக்கு மேலே பிடித்தான். கலங்கல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முதலையொன்று ஆளுயரத்துக்கு எழும்பி அதைக் கவ்வியது. நான் மனைவியின் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கட முதலையை விட இது சின்னன் என்ன?" என்றாள், சிரிக்காமல்.

மத்தியானம் வழிகாட்டி சொசேஜ் வாட்டினான். மற்றவர்கள் வளைத்துக் கட்டினார்கள். என் வயிறு கூப்பாடு போட்டது. பார்சல் மனைவியின் மடியில் இருந்தது, அதன் மேலே அவளுடைய கை இருந்தது.

"முழுகினாப் பிறகு தாறன்."

நீர்வீழ்ச்சி இரண்டு கிளையாகப் பாறையிலிருந்து கொட்டியது. கீழே பச்சைக் குளம். இந்த மாதங்களில் முதலை இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் குளிக்க விடுவார்கள் என்றும், படிக்கட்டைத் தாண்டினால் ஆழம் என்றும் வழிகாட்டி சொன்னான். முதலாவது பேச்சு எனக்குத் தேவையில்லை, முதலை வருமுன்பே நான் மூழ்கிவிடுவேன். இரண்டாவதைக் கேட்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

மனைவி சுரிதாரோடே இறங்கினாள். மொன்றியலில் குளியல் தொட்டிக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் நான் கண்டிராத அவள், நேராக அருவி வரைக்கும் நீந்திப் போய்த் திரும்பி வந்தாள். வழிகாட்டி கை தட்டினான். நான் சப்பாத்தின் கயிற்றை மூன்றாம் தரமும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மானம் போகப்போகிறது, மறைப்பதற்கு இங்கே ரோல்ஸ் தட்டும் இல்லை. அப்பாவுக்கு முழுகாமல் போவதை நினைத்தாலோ அதைவிட வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தடிமன், தும்மல் வாறமாதிரிக் கிடக்கு" என்றேன்.

அவள் படிக்கட்டுக்கு வந்து கையை நீட்டினாள்.

"இறங்குங்கோ. உங்களுக்கு நீந்தத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"மாமாதான், உங்கட அப்பா. கலியாணத்துக்கு முதல் போனில சொன்னவர். 'மகள், அவனுக்கு நீந்தத் தெரியா. தண்ணிப் பக்கம் போனா கையப் புடிச்சுக்க' எண்டு."

இத்தனை வருடமும் அவள் ரோல்ஸ் நீட்டியது, அடுத்த கேள்வி வராமல் என்னைக் காப்பாற்றத்தான்.

அவள் கையைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். மூன்று தரம் முழுகினேன். கோயில் ஐயர் எப்போதோ சொல்லித்தந்த மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை.

"அப்பா, உங்கட கதைய எடுத்திட்டன். குறை நினைக்காதீங்க" என்றேன் சத்தமாக.

மனைவி கையை விடவில்லை.

"முதலையைப் பன்னிரண்டு அடியாக்கினதையும் சொல்லுங்கோ" என்றாள்.