போளூர் வரை தூங்கினாள்

போன வாரம் வேங்கிக்கால் பக்கம் மகனின் புதுக் காரில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது, குலுக்கலே இல்லை. ஆனாலும் என் கை தானாகப் பக்கத்து இடத்தை அழுத்திப் பிடித்தது. அங்கே யாரும் இல்லை. "என்னம்மா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளின் கடைசியில் எங்களிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு என் கணவர் வாங்கியது. அவருடைய தங்கை வசந்தா எங்களோடுதான் இருந்தாள். முதுகெலும்பில் நோய். மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். காரின் முன்சக்கரங்களைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்துபோய், இரும்போடு இரும்பு மோதும். போளூர் ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் நான் அவளை அழுத்திப் பிடித்துக்கொள்வேன், வசந்தா முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். கத்தினால் ஓட்டுகிற அண்ணனுக்குக் கை நடுங்குமே என்று.

அந்தக் கார்த்திகையில் வலி ஜாஸ்தியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமையே வரச் சொன்னார்கள். ஒர்க்‌ஷாப் முழுக்க தீபத்துக்கு வந்த வெளியூர் வேன்கள். "தீபம் முடிஞ்சு வாங்க சார்" என்றார் மெக்கானிக். என் வீட்டுக்காரர் புஷ்களை மட்டும் வாங்கி வந்து, வாசலிலேயே வண்டிக்கு ஜாக்கி வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற மனுஷர். ஸ்பேனரை சாக்பீஸ் மாதிரிப் பிடித்திருந்தார்.

துருப்பிடித்த போல்ட் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்தோம். நாங்கள் கிருஷ்ணாயில் என்போம். அந்த வாசனையே இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? கடைசியில் ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, என்னை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். நின்றேன். டக்கென்று கழன்றது.

"உன் எடைக்கும் ஒரு வேலை வந்துச்சு பாரு."

ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த வசந்தா சிரித்துவிட்டாள். "சிரிக்க வெக்காதண்ணே, வலிக்குது!" சொல்லிக்கொண்டே மறுபடியும் சிரித்தாள்.

பழைய புஷ்கள் கருவாடு போலக் காய்ந்து கையிலேயே நொறுங்கின. புதியவற்றைச் சோப்புத் தண்ணீர் தடவித் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினோம். முழுதாக இரண்டு நாள். அவருக்கு ஒரு விரல் நகம் போனது.

வியாழக்கிழமை போளூர் வரை வசந்தா தூங்கினாள். அவள் பயணத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. டீக்கடை முன்னால் நிறுத்தியதும் கண் விழித்து, "அதுக்குள்ள போளூர் வந்துட்டமா அண்ணி?" என்றாள். இவர் இறங்கிப் போய், அந்தப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினெட்டாம் நாள் அவளை அதே காரில் திரும்பக் கொண்டுவந்தோம். தலையை என் மடியில் வைத்திருந்தேன். நெற்றி சில்லிட்டுக் கிடந்தது. இவர் ஒவ்வொரு குழியிலும் வண்டியை ஊரவிட்டு இறக்கி ஊரவிட்டு ஏற்றினார். பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். 'இனிமே எதுக்குங்க?' என்று வாய்வரை வந்தது. ஒரு இடத்தில் வண்டி லேசாக அதிர்ந்ததும், "பாத்து, பாத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் காரைக் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போனார். இவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. ரோட்டை அகலமாக்கி மழமழவென்று தார் போட்டுவிட்டார்கள். எந்தப் புளியமரம் தாண்டி எந்தக் குழி வரும் என்று எங்கள் மூவருக்கும் மனப்பாடம். இப்போது மரமும் இல்லை, குழியும் இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.