சுருதி இறங்கிய அறுப்புப் பண்டிகை

ஆலயத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர்களுக்கும், பாடக் கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கும், தேவாலா பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஜெயசீலியின் தோத்திரம்.

போன வருடம் மார்ச் மாதம் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். ஆனால் சத்தம் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது.

கட்டி, குரல் நரம்போடு ஒட்டியிருந்ததாம். பேச்சு மெல்லத் திரும்பிவிடும், மேலே ஏற்றிப் பாடும் குரல் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். பதினெட்டு வருடம் பாடகர் குழுவில் முதல் குரல் நான். லைனில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஆள் அனுப்பி எங்களைப் பாடக் கூப்பிடுவார்கள். அறுப்புப் பண்டிகையன்று எஸ்டேட் கேட்டிலிருந்து ஆலயப் பீடம் வரைக்கும் பவனி போகும்போது, முன்பிருந்த உபதேசியார் எங்கள் சபைக்கென்றே கட்டிய பாட்டை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். தேயிலைக் கொழுந்தும் இஞ்சியும் பலாப்பழமும் தூக்கிக்கொண்டு ஊரே பின்னால் வரும். அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் வெறும் கொழுந்து பறிக்கும் ஜெயசீலிதான். என் மனதில் அப்படித்தான் இருந்தது.

தினமும் ஒரே ஜெபம். ஆண்டவரே, என் குரலைத் திருப்பிக் கொடும். ஏப்ரல் போனது, மே போனது. வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். நாலைந்து முறை முயன்றுவிட்டு, இனிப் பாடுவதில்லை என்று விட்டுவிட்டேன். ஜெபத்தை விடவில்லை. ஆனால் நம்பிக்கையோடு ஜெபித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகப் புத்தி. தேங்காயை மூன்று முறை ஆட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். பிறர் சாட்சி சொல்லும்போதும் பாதிதான் நம்புவேன். அப்படிப்பட்டவளுக்கு அந்த மழைக்காலத்தில் சபையே தீனி போட்டது.

முதலில், நான் ஆலயத்துக்குள் நுழைந்தால் பாடகர் குழுப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம், ஞாயிறு ஆராதனை முடிந்து நடக்கும் பாட்டுப் பயிற்சியைச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றினார்கள். அந்த நேரம் நான் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியாதா? கீபோர்டு வாசிக்கும் ஜீப் டிரைவர் சாமுவேல் என் வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசுவான். நான் வந்தால் மழையைப் பற்றிப் பேசுவான்.

பிறகு போன். நான் பாத்திரம் கழுவும்போது என் வீட்டுக்காரரின் போன் அடுப்பங்கரை வாசற்படியில் கிடந்தது. எதற்கு இங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா, சார்ஜ் போட்டிருந்தேன்" என்றார்.

எங்கள் அடுப்பங்கரையில் பிளக்கே கிடையாது. எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனுஷன் என்னிடம் எதையோ மறைக்கிறார். அன்றிலிருந்து நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆலயத்துக்கு மேலே இருக்கும் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கீழே தகரக் கூரைக்கு அடியிலிருந்து அறுப்புப் பாட்டு கேட்டது. என் பாட்டு. ஆனால் என் சுருதி இல்லை. நான் அதை ஜி ஸ்கேலில் பாடுவேன், சரணத்தில் நன்றாக மேலே ஏறும். இவர்கள் டி ஸ்கேலுக்கு இறக்கிப் பாடினார்கள். பெண்கள் குரலெல்லாம் அடித்தொண்டையில் திணறியது. அவர்களுக்கு வசதியில்லாத சுருதியில் ஏன் பாடுகிறார்கள்? கனத்த குரல்காரி யாரையோ என் இடத்துக்குத் தயார் செய்கிறார்கள். கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

யார் அவள்? மனதுக்குள் சபையையே வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். கூடலூரிலிருந்து புதிதாக வந்த நர்ஸா? அவளுக்குக் கீச்சுக் குரல். போதகரம்மாவா? அவர்களுக்கு என் இடத்தின்மேல் ஆசை உண்டு என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம். டீக்கடை பஷீர் காக்காவிடம் சர்க்கரை வாங்கப் போனேன். அவர் எதார்த்தமாக ஒரு வார்த்தை விட்டார்.

"எந்தா அக்கா, நிங்ஙளோட பாட்டுக்காரிங்க எல்லாரும் சுக்கு கேட்டு வராங்க? தொண்டை கட்டிப்போச்சாம் எல்லாருக்கும். என் கடையில சுக்கே தீர்ந்துபோச்சு."

அப்படியானால் தொண்டை கட்டுகிற அளவுக்குப் பயிற்சி நடக்கிறது. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி. நான் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் சரிதான், பாருங்கள். கூட்டிப் பார்த்ததுதான் தப்பு.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. வேலைக்குப் போகவில்லை. பாடகர் குழுச் சேலையை மடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கொட்டும் மழையில் ஆலயத்துக்குப் போனேன். சேலையைக் கொடுத்துவிட்டு, இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று முடிவோடு போனேன். வழியில் ஆண்டவரிடம், குரலைத்தான் கொடுக்கவில்லை, மானத்தையாவது விட்டுவைக்கக்கூடாதா என்று சண்டை போட்டேன்.

உள்ளே போனதும் பாட்டு நின்றது. பையை மேசைமேல் வைத்தேன். பேசினால் கரகரவென்றுதான் வரும். ஆனாலும் கேட்டேன்.

"யாருக்காக இறக்கி வச்சிருக்கீங்க?"

போதகரம்மா எழுந்து வந்தார்கள். அவர்கள் குரல் என் குரலைவிட மோசமாகக் கம்மியிருந்தது.

"உனக்குத்தான் ஜெயா. வேற யாருக்கு?"

நான் நம்பவில்லை. என்னால் பாட முடியாது என்று தெரிந்து கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டு தன் போனை எடுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அண்ணன்தான் உங்க ஊட்ல போன்ல பதிஞ்சு கொடுத்தாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திருவீங்கன்னு சொல்லாம இருந்தோம்."

போனில் முதலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம். அதற்கு நடுவில் ஒரு பெண் குரல் முனகுகிறது. அறுப்புப் பாட்டு. கனத்த குரல், ஆனால் தகரம் இல்லை. சரணத்தில் ஏறி, பிசிறில்லாமல் இறங்குகிறது. யார் இது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது நான் முனகுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஜூலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தேனாம். நான் குரலைக் கொடு என்று முழங்காலில் நின்று கேட்ட அதே வாரங்களில், அடுப்பங்கரையில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் மேலேயே தேடிக்கொண்டிருந்ததால் கீழே இருந்ததைக் கவனிக்கவில்லை.

நான் முனகிய சுருதிதான் டி ஸ்கேல். அந்தச் சுருதிக்குக் குழுவின் ஒன்பது பெண்களும் தொண்டை கட்டக் கட்டப் பழகியிருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் ஈரச் சேலையோடு உட்கார்ந்து அழுதேன். என் மனதில் அவர்களைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். போதகரம்மாவிடம் சொல்லத்தான் ரொம்ப வெட்கமாக இருந்தது.

மறுநாள் எஸ்டேட் கேட் அருகில் நின்று நான் பாட்டை எடுத்தேன். அப்போது எனக்குப் பின்னால் இதுவரை கேட்காத ஒரு சத்தம் எழுந்தது. ஆண்கள். லைன் ஆண்கள் இத்தனை வருடமும் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வாயை மூடித்தான் நடப்பார்கள். பக்தியில்லாதவர்கள் என்று அவர்களைக் குறை சொல்லியிருக்கிறேன். என் சுருதி அவர்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். இப்போது ஃபேக்டரிக்காரர்களும் ஜீப் டிரைவர்களும் பாடினார்கள். தெருவோரத்தில் நின்ற பஷீர் காக்காவின் உதடும் அசைந்ததைப் பார்த்தேன். இஞ்சி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பாடினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் பாடி நான் கேட்டது அன்றுதான்.

ஜி ஸ்கேலை ஆண்டவர் எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. இனிக் கேட்கப்போவதுமில்லை. என் சந்தேகப் புத்தி முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை, தேங்காயை இன்னும் ஆட்டித்தான் வாங்குகிறேன். ஆனால் நாலு பேர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினால், ஒருவேளை எனக்கு நல்லது செய்கிறார்களோ என்றும் இப்போது தோன்றுகிறது.

இதைப் படிக்கிற யாராவது கேட்டது கிடைக்கவில்லை என்று சேலையை மடித்துப் பையில் போட்டிருந்தால், அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நம்பிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஜெபத்தை விடாதீர்கள். ஆலயத்துக்குப் போய்ப் பையை மேசைமேல் வைத்து, மனதில் இருப்பதைக் கேட்டுவிடுங்கள். அதற்கு முன்னால், இன்று பாத்திரம் கழுவும்போது உங்கள் வாய் என்ன செய்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.