வீரம்மா தேர்ந்தெடுத்த நாடகம்

கிள்ளானில் மேரு சாலைப் பக்கத்து அடுக்குமாடியில் வீரம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் எல்லாரும் கேட்பார்கள். லிஃப்ட் மட்டும் கேட்காது. அது மாதத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கும். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருட வேலை, அதில் பாதிக்கு மேல் லைன் லீடர், ஓர் உற்பத்தி வரிசைக்கே மேற்பார்வை. ஓய்வு பெற்ற பிறகும் அவள் அந்தப் பதவியை விடவில்லை, ஆட்களைத்தான் மாற்றிக்கொண்டாள்.

வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை மாடிப் பெண்கள் ஏழெட்டுப் பேரை வேனில் ஏற்றி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நாடகம் பார்க்க அழைத்துப் போவாள். எந்த நாடகம் என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடக்கும். ஓட்டை எண்ணுபவள் வீரம்மா என்பதால் முடிவில் பெரிய ஆச்சரியம் எதுவும் இருந்ததில்லை.

இந்த வருடம் மூன்று நாடகங்கள் இருந்தன. சாயங்காலத்து நாட்டிய நாடகத்தில் தகராறு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குத்தான் இரண்டு மோதின. பெரிய மண்டபத்தில் சென்னை சீரியல் நடிகர்களின் நகைச்சுவை. அடுத்த தெருவில், ஒரு கடைக்கு மேலே இருக்கும் சின்ன அரங்கில், உள்ளூர்ப் பிள்ளைகள் போடும் கையுறைத் தொழிற்சாலைப் பெண்களின் கதை. வீரம்மா இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"அக்கா, வேலைக்குப் போய்ட்டு வந்த கதைய டிக்கெட் வாங்கி வேற பாக்கணுமா? சிரிக்கப் போறோம் லா, அழவா போறோம்?" என்று அமுதவள்ளி குரல் பதிவு அனுப்பினாள். ஏழுக்கு ஒன்று என்று வீரம்மா தோற்றாள். இந்த முறை எண்ணிக்கையில் எந்தச் சாமர்த்தியமும் செல்லுபடியாகவில்லை.

"சரி, எல்லாரும் காமெடிக்குப் போங்க. கலா மட்டும் என்கூட வரா" என்று எழுதினாள்.

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்?" என்று கேட்டாள் சந்திரகலா. கேட்டாளே தவிர, வீரம்மாவிடம் அவள் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் சந்திரகலாவின் வலது கை. அதில் இரண்டு விரல்கள் கிடையாது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு கையுறை அச்சுகளைச் சுமந்து ஓடும் சங்கிலி அவற்றைக் கொண்டுபோனது. அந்தச் சங்கிலிக்கு இரும்பு மூடி ஒன்று உண்டு. ரப்பர் பால் கட்டிக்கொண்டால் அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது, வேலை தாமதமாகிறது என்று மேலாளரே அதைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார். மூன்று வாரமாக அது அங்கேதான் கிடந்தது. விபத்து நடந்த அன்று சாயங்காலத்துக்குள் மூடி தன் இடத்துக்குப் போய்விட்டது. மறுநாள் ஒரு காகிதம் வந்தது. மூடி இருந்தது, தொழிலாளிதான் அனுமதியில்லாமல் திறந்தார் என்று அதில் இருந்தது. லைன் லீடர் வீரம்மா கையெழுத்துப் போட்டாள்.

சந்திரகலா அன்றுதான் வேறு லைனிலிருந்து அங்கே மாறி வந்திருந்தாள், வந்த அன்றே மயங்கி விழுந்தவள். அன்றைய காலை அவளுக்கு நினைவிலேயே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் "என்னதான் டி ஆச்சு?" என்று கேட்டபோது வீரம்மா காகிதத்தில் இருந்ததையே சொன்னாள். அவளும் நம்பினாள். அன்று முதல் கல்யாண வீடானாலும் சரி, கோயில் சாப்பாட்டுப் பந்தியானாலும் சரி, யாராவது விரலைப் பார்த்தால் அவளே முந்திக்கொள்வாள். "நான் ஒரு அவசரக்குடுக்கை. மூடியத் தொறந்து கைய விட்டேன், அதான் கொண்டுபோச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். பக்கத்தில் நிற்கும் வீரம்மாவும் சிரித்து வைப்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு உஷாராணி என்ற பெண், நாடகம் எழுதுவதற்காகத் தொழிற்சாலைக் கதைகள் கேட்டுக்கொண்டு அந்த மாடிக்கு வந்தாள். வீரம்மா அவளுடைய கைப்பேசியின் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முன்பின் தெரியாதவளிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. போன மாதம் உஷாராணி கூப்பிட்டு, "பேரை மட்டும் மாத்திட்டேன் ஆன்டி, நீங்க சொன்னது அப்படியே இருக்கு" என்றாள். அன்றே வீரம்மா முடிவு செய்துவிட்டாள். தன் வாயில் வராதது மேடையில் வரட்டும், கலா பார்க்கட்டும், தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் பூட்டிக் கிடந்தவள் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தாள், அதையும் மறுக்க முடியாது.

சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. இரண்டரைக்கே மற்றவர்கள் நல்ல நாற்காலி பிடிக்க ஓடிவிட்டார்கள். சந்திரகலாவும் எழுந்தாள்.

"உக்காரு டி. மூணுன்னா நாலு. இப்பப் போனா நாமதான் நாற்காலி தொடைக்கணும்" என்று சொல்லி வீரம்மா இன்னொரு கிண்ணம் பாயசம் வாங்கினாள்.

அவள் கணக்கில் தவறில்லை. நம் நிகழ்ச்சிகளில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் தலைமை தாங்க வர வேண்டும், குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்த வேண்டும், பிறகு டத்தோ 'இரண்டே வார்த்தை' பேச வேண்டும். முப்பது வருடம் ஷிப்டுக்கு ஒரு நிமிடம் பிந்தாத வீரம்மா, தமிழ் நிகழ்ச்சிக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போனதில்லை. அன்று அவளுக்குக் கால் எழவும் இல்லை.

மூன்று இருபத்தைந்துக்குப் படியேறினார்கள். கதவு சாத்தியிருந்தது. வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த தாமரை என்ற பெண் எழுந்து நின்றாள்.

"சாரி ஆன்டி, மூணுக்கே ஆரம்பிச்சாச்சு. நடுவுல யாரையும் விடறதில்ல."

"மூணுக்கேவா? டத்தோ யாரும் வரலயா மா?"

"யாரையும் கூப்பிடல ஆன்டி."

வீரம்மா கெஞ்சினாள், அதட்டினாள், உஷாராணியைக் கூப்பிடச் சொன்னாள். உஷாராணி உள்ளே விளக்குகளை இயக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நடப்பது என் கதை என்று சொன்னால் ஒருவேளை விட்டிருப்பார்கள். கலாவை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

சந்திரகலாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "விடு வீரா. காமெடிக்கு ஓடுவோம் வா. அங்க இப்பத்தான் விளக்கே ஏத்துவாங்க" என்று படியில் காலை வைத்தாள்.

அப்போது கதவுக்குப் பின்னால் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. சந்திரகலா நின்றாள். "நம்ம லைன் சத்தம் மாதிரியே இருக்கு லா" என்றாள்.

இப்போது அவளைப் போக விட்டால் அடுத்த வருடம்தான், அல்லது என்றைக்குமே இல்லை என்று வீரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு படி இறங்கி, வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கலா, அந்தச் சங்கிலிக்கு மூடி இல்ல."

"எந்தச் சங்கிலிக்கு?"

"உன் கைய இழுத்த சங்கிலிக்கு. மூணு வாரமா மூடியே இல்ல. நீ எதையும் தொறக்கல. இருந்துச்சுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில உன்கிட்ட சொன்னதும் பொய்."

சந்திரகலா தன் கையைப் பார்த்தாள். வீரம்மாவைப் பார்த்தாள்.

"வேலை போயிடும்னு பயம். பையன் சின்னவன்..."

"நான் காரணம் கேக்கல." குரல் தாழ்வாகத்தான் இருந்தது. "ஊரெல்லாம் நான் என்னையே அவசரக்குடுக்கைன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ பக்கத்துல நின்னு சிரிச்ச."

"சிரிச்சேன்." இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. வீரம்மா அதை அடக்கிக்கொண்டாள்.

"உள்ள ஓடுறது இதுதானா?"

"ஆமா."

"அப்ப, ஊருக்கே டிக்கெட் போட்டுச் சொல்லிட்ட. எனக்கு மட்டும் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

வீரம்மாவுக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கினாள். இனி இவள் இறங்கிப் போவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

சந்திரகலா மேலே ஏறினாள். மேசைக்குப் போனாள்.

"நாளைக்கு உண்டா மா?"

"உண்டு ஆன்டி. மூணு மணிக்கு, கடைசி ஆட்டம்."

"ரெண்டு குடு."

அந்த மூன்று விரல் கையாலேயே டிக்கெட்டுகளை வாங்கி, ஒன்றை வீரம்மாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நாளைக்கு வேன் கிடையாது. தனியா கொமுட்டர் ரயில்ல வா. நானும் தனியாத்தான் வருவேன். ரெண்டரைக்கு இங்க இருக்கணும், என் பக்கத்துச் சீட்டுல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உள்ள நான் மேடையப் பாக்கப் போறதில்ல வீரா. அந்தக் கையெழுத்துப் போடுற எடம் வர்றப்ப, உன் மூஞ்சியத்தான் பாக்கப் போறேன்."

"வரேன் கலா" என்றாள் வீரம்மா.