சாலமோனின் மூக்கு

நாற்பது வயது வரைக்கும் சாலமோனுக்கு உலகத்தில் இரண்டே பீர்தான்: ஏறுவது, ஏறாதது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து பீர் ஃபேக்டரியில் பாட்டில் கழுவும் மிஷினோடு மல்லுக்கட்டியவனுக்கு வேறென்ன தெரியும்? ஃபேக்டரி லேபில் பீரை ருசி பார்த்துச் சொல்ல ஆள் போதவில்லை என்று ஒருநாள் லேபுக்குத் தலைவியான ஷீலா மேடம் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "குடிச்சுடாதீங்க, முதல்ல மோந்து பாருங்க" என்றார். பீரைக் குடிக்காமல் பின்னே என்ன செய்வதாம் என்று உள்ளுக்குள் சிரித்தபடியே கிளாஸை மூக்கருகே கொண்டுபோனான்.

கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தன. பழம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டான். இல்லையாம், எல்லாம் ஈஸ்ட் பண்ணுகிற வேலையாம். கறுப்பு பீரில் வறுத்த காப்பிக்கொட்டை, இன்னொன்றில் சாத்துக்குடித் தோல். ஒரே வருஷத்தில் ஆளே மாறிப்போனான். புருஷனுக்கு பீர் ஃபேக்டரியில் வேலை என்று சொல்லக் கூசி, அவன் மனைவி ஜெயசீலி சர்ச்சில் "பாட்டில் கம்பெனி" என்றுதான் சொல்லிவைத்திருந்தாள். அவளே, "இந்தப் பால் தாங்குமா பாருங்க" என்று பாத்திரத்தை அவன் மூக்கடியில் நீட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். மனுஷனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"நாக்கு செத்துப்போச்சு, அவ்ளோதானே? காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் அப்டித்தான். நார்த்தங்கா ஊறுகா வெக்கிறேன், சரியாயிடும்" என்றாள் ஜெயசீலி.

ஊரே சொல்லும் வார்த்தைதான். இவன் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். ஊறுகாய் உப்பாக இருந்தது, புளிப்பாக இருந்தது. நார்த்தங்காய்தான் அதில் இல்லை.

டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். தெரிந்தால் மறுபடி மிஷினுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லேபில் அவன் மூச்சுவிடவில்லை. பக்கத்து சீட் பிரிட்டோ முகம் சுளித்தால் இவனும் சுளித்தான். பிரிட்டோ தலையாட்டினால் இவனும் ஆட்டினான். அப்படியே மழைக்காலத்தை ஓட்டினான். காப்பிப்பொடி டப்பா, பினாயில், தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கூடை என்று ஒன்றுவிடாமல் குனிந்து மோந்து பார்த்தான். கருவாடே நாறவில்லை என்றால் அப்புறம் எதை நம்புவது?

பிரிட்டோ லீவு போட்ட அன்று மாட்டிக்கொண்டான். ஷீலா மேடம் மூன்று கிளாஸ் வைத்தார். "இதுல ரெண்டு ஒரே பீர், ஒண்ணு வேற. எது வேற, சொல்லுங்க பார்ப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் மோந்தான். வாயில் வைத்துப் பார்த்தான். திரும்பவும் மோந்தான். குத்துமதிப்பாக ஏதோ ஒன்றைக் காட்டித் தொலைத்திருக்கலாம். இந்த அம்மாவிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"மூணும் ஜில்லுனு இருக்கு மேடம்" என்றான்.

ஷீலா மேடம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மூன்று கிளாஸையும் சிங்க்கில் கொட்டிவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவனுக்கு அழுகைதான் வந்தது.